முதலில் என் கை

ஓய்வு பெற்ற அன்று என் கையில் மைக்கைக் கொடுத்து ஏதாவது பேசச் சொன்னீர்கள். "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். நாலு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எழுத மட்டும் வந்துவிடுமா என்று கேட்பீர்கள். கஷ்டம்தான். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அன்றைக்கு மாடிப்படியில் உங்களில் ஒரு பெண், லேசர் அறைக்குப் புதிதாகப் போட்டிருக்கிறார்களே, அவள் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"ஏன் ஆயாம்மா, வியாதி பேஷண்டுக்குத்தான? எங்க கைய எதுக்கு மொதல்ல மெஷின்ல வெக்கணும்? நாங்க இன்னா சோதனை எலியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன். அண்ணாமலை நகரில் மாணவர் லாட்ஜுகளுக்குப் பின்னால் இருக்கும் என் அறைக்கு வந்து சேரும் வரைக்கும் பதில் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பதில்தான் இது. புத்திமதி என்று நினைக்க வேண்டாம். சண்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தோல் மையத்துக்கு அந்த லேசர் மைக்ராஸ்கோப் வருவதற்கு முன்னால், தோலுக்குள் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டுமானால் துவரம்பருப்பு அளவுக்கு வெட்டி எடுத்துத்தான் பார்ப்பார்கள். இந்த மெஷினுக்கு வெட்டு வேண்டாம். கையைக் கண்ணாடியின் மேல் வைத்தால் போதும், தோலுக்குள் இருக்கும் நார்கள் திரையில் இழை இழையாகத் தெரியும். தோலை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதும், இழுத்து விட்டால் திரும்பப் போகும்படி செய்வதும் அந்த நார்கள்தான் என்று சின்ன டாக்டர் எனக்குச் சொன்னார். சின்ன டாக்டர் என்றால் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த பெண் டாக்டர். மையத்தின் தலைவர் பெரிய டாக்டர். பேர்கள் வேண்டாம்.

என் வேலை, வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, கையைத் துடைத்து, ஒரு சொட்டு ஜெல் விட்டு, ஆடாமல் முழங்கையைப் பிடித்துக்கொள்வது. ஆனால் முதலில் உட்காரத்தான் ஆள் கிடைக்கவில்லை. முதன்முதலாக வந்தவர் குறிஞ்சிப்பாடியில் தறி ஓட்டுகிறவர். தோல் இறுகிக்கொண்டே போகிற வியாதி. விரல்கள் மரக்குச்சி போல மடங்காமல் நின்றன. மனைவியோடு வந்திருந்தார்.

"லேசர்ன்றீங்க. சுட்டுடுச்சின்னா? இருக்கிற வெரலும் போயிடும்."

"சுடாதுங்க" என்றார் சின்ன டாக்டர்.

"நீங்க டாக்டரு, அப்படித்தான் சொல்லுவீங்க. இந்தம்மா வெக்கட்டும். இது முழுசா எழுந்து வந்துச்சின்னா நான் வெக்கிறேன்."

அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளினார். "இன்னா பேச்சு பேசற? அந்தம்மா கைன்னா உனுக்கு எளக்காரமா?"

ஜாக்கெட்டின் கையை மேலே தள்ளிவிட்டுக் கையை வைத்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்ததும் என் கையைக் கேட்டு வாங்கி, துணியில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "செரி, கை இருக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முதலில் என் கை, அப்புறம் அவர்கள் கை. சின்ன டாக்டருக்கும் இது பிடித்துப்போனது. நல்ல தோலின் படம் ஒன்று பக்கத்தில் இருந்தால் கெட்டதை ஒப்பிட்டுப் பார்க்கலாம், மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்றும் தெரிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை வேண்டியிருந்தது. என் மணிக்கட்டுக்கு மேலே சின்ன வயசில் குத்திய பச்சை, மூன்று புள்ளி இருக்கிறது. மையின் மேல் லேசர் பட்டால் சூடாகும் என்று அதைத் தள்ளியே கையை வைப்போம்.

இப்போது பாப்பாவின் கதைக்கு வருகிறேன். பாப்பா என்றே சொல்கிறேன், அவள் இன்னும் நம்மிடம் வந்து போகிறவள்.

அவளுக்கு அப்போது ஏழு வயசு. உடம்பெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. முட்டியிலும் நெற்றியிலும் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசான தழும்புகள். பள்ளிக்கூடத்து டீச்சர் பார்த்துவிட்டுப் புகார் சொல்லிவிட்டார். டீச்சர் செய்தது சரி, அதில் எனக்கு எந்தப் பேச்சும் இல்லை. அடிபடுகிற பிள்ளைகளும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்பா வெளிநாட்டில் இருந்தார். அம்மா வடலூர் பக்கம் ஒரு தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு பிள்ளையை வளர்த்துவந்தாள். அம்மாதான் அடிக்கிறாள் என்று அப்பாவின் அக்காவும் சொன்னார். கடலூரில் இருக்கும் குழந்தைகள் நலக் கமிட்டி, முடிவு தெரியும் வரை பிள்ளை அந்த அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, இது அடியா வியாதியா என்று நம் மையத்தைக் கேட்டது.

சின்ன டாக்டர் பிள்ளையின் கட்டைவிரலை மணிக்கட்டுப் பக்கமாக மெல்ல வளைத்தார். அது முன்கையைத் தொட்டது. முழங்கைத் தோலைப் பிடித்து இழுத்தார், ரப்பர் போல வந்துவிட்டுத் திரும்பப் போனது.

"அக்கா, இது அடி இல்ல" என்று என் காதருகில் சொன்னார். "பொறக்கும்போதே உள்ள நாரு சரியா பின்னல. லேசா இடிச்சாலே நீலம் கட்டிடும்."

வெட்டிப் பார்க்கலாம் என்றால் அந்தத் தோலில் தையல் நிற்காது. முன்பு எங்கோ போட்ட தையல் அப்படிப் பிளந்துதான் நெற்றித் தழும்பே வந்திருந்தது. ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வர மாதக்கணக்காகும். அதற்குள் கமிட்டி கூடிவிடும். மிச்சமிருந்தது லேசர்.

அன்றைக்கு மெஷினைப் பார்க்க வெளியூர் டாக்டர்கள் வருவதாக இருந்தது. அறையில் ஒரே பரபரப்பு. நேரம் மிச்சமாகும் என்று, பேஷண்டின் பேரை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிடச் சொல்லியிருந்தார் பெரிய டாக்டர். அதனால் பாப்பா கதவருகில் அழுதுகொண்டிருக்கும்போதே திரையில் அவள் பேர் ஏறிவிட்டது.

"அழுவாத. அழுதின்னா அம்மாகிட்ட எப்பவும் அனுப்ப மாட்டேன்" என்று அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"இங்க பாரு பாப்பா" என்று அவசரமாக என் கையை வைத்தேன். "கூசும். அவ்ளோதான்."

அவளும் வைத்தாள். கண்ணாடி சில்லென்று பட்டதும் எடுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். அத்தை பின்னாலிருந்து கையை அழுத்தினார். நான் "அழுத்தாதீங்க" என்று சொல்வதற்குள் பிள்ளை ஸ்டூலிலிருந்து நழுவி வெளியே ஓடிவிட்டாள். அதே நேரத்தில் வார்டிலிருந்து சின்ன டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் வந்திருக்குக்கா, போதும்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

சில நாள் கழித்து பாப்பாவின் அம்மா மையத்துக்கு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்த முகம்.

"அக்கா, எம்பொண்ணு தோலு நல்லாருக்குன்னு எழுதிட்டாங்களாமே. படம் பளிச்சுன்னு வந்திருக்காம். அப்ப நான்தான் அடிச்சேன்னு ஆயிடுச்சு இல்ல?"

பளிச்சென்று வந்திருக்கிறது என்றதும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டேன். நேராகச் சின்ன டாக்டரிடம் போனேன்.

"டாக்டரம்மா, அந்தப் புள்ள கை எங்க நின்னுது? வெக்கிறதும் எடுக்கிறதுமா இருந்துச்சே. அது எப்படிப் பளிச்சுன்னு வரும்?"

அவர் உடனே கம்ப்யூட்டரைத் திறந்து, பாப்பாவின் பேரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கலங்கிப்போன படங்கள் சில. தெளிவான படங்கள் சில. ஒரு தெளிவான படத்தின் ஓரத்தில் மண் சிந்தியது போலத் திட்டுத்திட்டாக ஏதோ இருந்தது. அதில் நின்றுவிட்டார்.

"அக்கா, கையக் காட்டுங்க."

காட்டினேன். என் பச்சையின் மேல் விரலை வைத்தார். அன்றைய அவசரத்தில் என் கை கொஞ்சம் தள்ளிப் பட்டு, அந்த மை பாப்பாவின் பேரில் ஏறிய படத்தில் விழுந்திருக்கிறது.

"ஏழு வயசுப் புள்ள கையில பச்சை எப்படிக்கா வரும்?" என்று கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். "கலங்கினத ஒதுக்கிட்டு, தெளிவா இருந்தத எடுத்துப் போட்டேன். கையால பார்த்தப்ப வியாதின்னு தோணுச்சே, படம் வேற சொல்லுதேன்னு சாருகிட்ட கேட்டேன். உங்க கண்ணவிட மெஷின் கண்ணு பெரிசும்மான்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்."

இரண்டு பேரும் பெரிய டாக்டரிடம் போனோம். அவர் முழுக்கக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த மெஷினைக் கொண்டுவர அவர் அலைந்த அலைச்சல் எனக்கே தெரியும். அதன் பேரில் ஒரு கீறல் விழுவதை அவரால் தாங்க முடியவில்லை.

"ரிப்போர்ட் போயாச்சு. இப்பப் போய்ப் படம் மாறிடுச்சுன்னு சொன்னா, இதுவரைக்கும் எடுத்த எல்லாப் படமும் சந்தேகம் ஆயிடும். ரத்த ரிசல்ட் வரட்டும், அப்ப தன்னால சரியாயிடும்."

"அதுவரைக்கும் அந்தக் குழந்தை சார்?" என்றார் சின்ன டாக்டர்.

"அத்தை வீட்லதான இருக்கு, காட்லயா இருக்கு?" பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிமே இங்க யாரும் கை வெக்கக் கூடாது. உங்க கையாலதான் இவ்ளோ வம்பு."

எனக்குக் கோபம் வந்தால் வாயில் வராது, காது சூடாகும். அன்று இரண்டு காதும் எரிந்தன. என் கை என்ன வம்பு செய்தது? பிள்ளை உட்காருவதற்கு முன்னால் பிள்ளையின் பேரை ஏற்றச் சொன்னது என் கையா?

வெளியே வந்ததும் சின்ன டாக்டர் சொன்னார். "வியாழக்கெழம கமிட்டி கூடுது. நான் போறேன். வேல போனா போவுது. ஆனா நான் மட்டும் சொன்னா, தப்ப மறைக்கக் கதை கட்றாங்கம்பாங்க. நீங்களும் வரணும்க்கா."

"நானா? எத்தினி பேரு இருப்பாங்க?"

"ஏழெட்டுப் பேரு இருப்பாங்க."

"அம்மாடி."

"நீங்க பேச வேணாம்க்கா. கைய மட்டும் கொண்டாங்க."

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போனோம். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். கடலூர் செம்மண்டலத்தில் இறங்கியபோது ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. அறையில் நீள மேஜை. நடுவில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். ஒரு பக்கம் அத்தையும் பாப்பாவும், எதிர்ப்பக்கம் அம்மா. அம்மாவைத் தொடக்கூட முடியாத தூரத்தில் பிள்ளை. என்னைப் பார்த்ததும் பாப்பா "கூசற ஆயா!" என்றாள்.

அத்தை தீர்மானமாகப் பேசிக்கொண்டிருந்தார். "நாங்க சொன்னா நம்ப வேணாங்க. மெஷினே சொல்லிடுச்சு."

சின்ன டாக்டர் எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னார். தன் தப்பு எது என்பதையும் சேர்த்துத்தான். மேடம் என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? டாக்டரா?"

"இல்லீங்க."

"டெக்னீஷியனா?"

"இல்லீங்க."

"அப்புறம் யாரு?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எழுந்தோடிவிடலாம் போல இருந்தது. எதிரில் அந்த அம்மா தன் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்துல இருக்கிறது என் கைங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். நான் ஜாக்கெட் கையை மேலே தள்ளி, கையை மேஜையின் மேல் வைத்தேன். சின்ன டாக்டர் பக்கத்தில் படத்தை வைத்தார். மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தின் ஓரத்தையும் என் பச்சையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உங்க மையத்துக்கு எதிரா சொல்றீங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

அப்போது எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிட்டது. என் ஆயுசிலேயே கூட்டத்தில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

"எதிரால்லாம் ஒண்ணும் இல்லீங்க. என் தோலு நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்க. ரொம்ப சந்தோஷம். அதுக்காக அந்தப் புள்ளய அம்மாகிட்டருந்து பிரிச்சு வெக்காதீங்க."

அதுவரை வாயே திறக்காத அம்மா எழுந்தாள். "அண்ணி, இப்ப பாப்பா உங்க வீட்லதான இருக்கா? முட்டியில புதுசா நீலம் இருக்கே. யாரு அடிச்சா?"

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் இன்னாடி பண்ணேன்? கட்டில் கால்ல இடிச்சிக்கிட்டா. நான் தொடக்கூட இல்ல!"

"இதையேதான அந்தம்மாவும் இத்தினி நாளா சொல்லிட்டிருக்காங்க" என்றார் மேடம்.

அத்தை வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். பாப்பாவின் முட்டியைக் குனிந்து பார்த்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரும் நீலத்தைப் பார்த்துப் பயந்தவர்தான்.

படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், கமிட்டி ஆள் ஒருவர் கூடவே இருப்பார், அம்மாவும் இருக்கலாம் என்று முடிவானது. அடுத்த வாரம் எல்லாரும் நம் லேசர் அறைக்கு வந்தார்கள். பெரிய டாக்டர் கதவருகிலேயே நின்றுகொண்டார். பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜாக்கெட் கையை மேலே தள்ளிவிட்டேன்.

"கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?" என்றார் பெரிய டாக்டர்.

"சொன்னீங்க சார்" என்றேன். கையை வைத்தேன்.

சின்ன டாக்டர் அவரைத் திரும்பிப் பார்க்காமல், திரையில் காலியாக இருந்த இடத்தில் 'ஆயாம்மா கை' என்று அடித்துப் படம் எடுத்தார். அதை மூடினார். புதிதாக ஒன்றைத் திறந்தார்.

"இப்ப உன் பேரு சொல்லு பாப்பா."

சொன்னாள். எழுத்துக்கூட்டியும் சொன்னாள். அப்புறம்தான் பேர் ஏறியது. தானாகவே கையை வைத்தாள். இன்னொரு கையை அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கூசுது!" என்று சிரித்தாள். கை ஆடியது.

"சிரிக்காதடி" என்றாள் அம்மா, தானே சிரிப்பை அடக்க முடியாமல்.

"சிரிச்சா படம் கெட்டுடுமா ஆயா?"

"கெட்டுடும்."

"அப்ப நீயும் சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படம் வந்தது. அதற்கு அர்த்தம் சொல்ல எனக்குத் தெரியாது, அது டாக்டர் வேலை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது யாருக்கும் தெரியும். என் நார்கள் கோரைப்பாய் போல ஒழுங்காகக் கிடந்தன. அவளுடையது காற்றடித்த வைக்கோல் மாதிரி கலைந்து கிடந்தது.

சின்ன டாக்டர் அப்போதும் அவசரப்படவில்லை. "படத்த மட்டும் வெச்சு நான் முடிவு சொல்ல மாட்டேன். கையால பார்த்ததும் படமும் இப்ப ஒண்ணா சேருது. ரத்த ரிசல்ட் வரட்டும். ஆனா நார்மல்னு எழுதினது தப்பு. அத இன்னைக்கே மாத்தி எழுதறோம்" என்றார். பெரிய டாக்டர்தான் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டார். அதற்கும் ஒரு மனசு வேண்டும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். பாப்பா அம்மாவோடு வடலூருக்குப் போனாள். ரொம்ப நாள் கழித்து வந்த ரத்த முடிவும் அதையே சொன்னது.

பெரிய டாக்டர் அப்புறம் வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. கை வைப்பதை அவர் மறுபடி தடுக்கவும் இல்லை, நான் நிறுத்தவும் இல்லை. மாறியது ஒன்றே ஒன்று. ஆள் உட்கார்ந்து, நம் கை கண்ணாடியை விட்டு விலகிய பிறகுதான் அந்த ஆளின் பேர் ஏறும். வாசலில் எவ்வளவு பெரிய ஆள் வந்து நின்றாலும் அப்படித்தான். இதை உங்களில் யாராவது நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மாற்றினால், ஓய்வு பெற்றவள் என்றும் பார்க்காமல் மாடியேறி வந்து கேட்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கலங்கின படத்தை எல்லாரும் சந்தேகப்படுவார்கள். நீங்கள் பளிச்சென்று இருப்பதைச் சந்தேகப்படுங்கள். பயந்த பிள்ளை, நடுங்குகிற கிழவர், வலியில் நெளிகிறவர், இவர்கள் படம் சுலபமாக அழகாக வந்துவிட்டால், அது யார் கை என்று ஒருதரம் கேளுங்கள்.

இப்போது மாடிப்படியில் கேட்ட பெண்ணுக்கு. எலியை யாரோ பிடித்து மேஜையில் வைக்கிறார்கள். என் கையை நானே வைத்தேன். வைக்காதே என்று சொன்னபோதும் வைத்தேன். இது ஒன்றும் ஆகாது என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கு நம் கையைவிட வேறு என்ன சாட்சி இருக்கிறது? என் தோல் சுருங்கிப்போய்விட்டது, ஒப்பிட்டுப் பார்க்க இளசான கை வேண்டும் என்று போன வருஷம் சொன்னார்கள். சுருங்கட்டும், அது வேலை பார்த்த தோல். இளசான கை உன்னிடம் இருக்கிறது.

பாப்பா இப்போது நன்றாக உயர்ந்துவிட்டாள். முட்டிக்குப் பஞ்சு வைத்த உறை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். அவளுக்குப் பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது, ஆனாலும் ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு உன் முகத்தைப் பார்ப்பாள். விளக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே.

சட்டைக் கையை மடித்துவிடு.